பட்டியாலாவில் ஐந்தாவது பஞ்சமி

மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்து இரண்டு வருஷம் தூக்கமே இல்லை. மருந்து ஒருபக்கம் நடந்தது, வேண்டுதல் ஒருபக்கம். சண்டிகரில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் பஞ்சாபின் பர்னாலா ஊர்க்கார அம்மா, "ஐந்து பஞ்சமி துக் நிவாரண் சாகிபில் முங்க வை, குரு பார்த்துக்கொள்வார்" என்றார். பட்டியாலாவில் இருக்கும் சீக்கியக் குருத்வாரா அது, அதன் குளத்தில் முங்கினால் நோய் தீரும் என்று நம்பிக்கை. போன வாரம் ஐந்தாவது பஞ்சமி. அவரும் கூட வந்தார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஆட்டோக்காரர் பஞ்சமி என்று இரண்டு மடங்கு கேட்டார், செருப்பு விடும் இடத்திலேயே அரை மணி நேரம், சரோவர் என்கிற அந்தக் குளத்தில் பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை, தள்ளுமுள்ளில் மகள் அழுதே விட்டாள்.

வரிசையில் நின்றபோது அந்த அம்மா தன் ஊரை ஆண்டவரும் பட்டியாலாவை உருவாக்கியவருமான பாபா ஆலா சிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். 1732-ல் சீக்கியத் தலைவர் நவாப் கபூர் சிங் கையால் அமிர்தம் வாங்கி, முறைப்படி சீக்கிய தீட்சை பெற்றவர். அப்புறம் ஒரு சமயம் முகலாயர் பக்கம், 1761 பானிபட் போரில் மராட்டியருக்குத் தானியம், அது முடிந்த கையோடு, மராட்டியரை வென்ற ஆப்கானிய மன்னன் அப்தாலியிடம் சமாதானம். 1762-ல் அதே அப்தாலி பர்னாலாவை அழித்து அவரைச் சிறைபிடித்தான். தலைமுடியை மழிக்கச் சொன்னானாம், ஒன்றேகால் லட்சம் ரூபாய் கொடுத்துக் கேசத்தைக் காப்பாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். 1765-ல் அப்தாலியிடமே ராஜா பட்டமும் முரசும் கொடியும் வாங்கியதில் கால்சா என்கிற சீக்கியப் படைக்குக் கடும் கோபம். அதன் தளபதி ஜஸ்ஸா சிங் அலுவாலியாதான் நடுவில் நின்று சமாதானம் செய்தார்.

பச்சோந்தி என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் பிள்ளைக்காக நான் யார் யார் காலில் விழுந்தேன், எந்தெந்த வாசலில் நின்றேன் என்று எனக்குத் தெரியும். ஊரைக் காப்பாற்ற எல்லோரிடமும் தலை வணங்கினார், அந்தத் தலைமேல் இருந்த குருவின் அடையாளத்தை மட்டும் கொடுக்கவில்லை. பசித்த வயிற்றைத் தட்டிக்காட்டிய சிறுவன் ஃபூலை ஏழாவது சீக்கிய குரு ஹர் ராய் ஆசீர்வதித்தாரே, அந்த ஃபூலின் பேரன் இவர். அந்த வாக்குத்தான் அவரைத் தாங்கியது, வேறென்ன?

சீக்கியரின் புனித நூலான கிரந்த் சாகிப் முன்னால் போனதும் நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. நெற்றி தரையில் பட்டதும் அழுகைதான். பின்னால் வரிசை நெருக்கியது, ஆனாலும் தொண்டு செய்யும் சேவாதார் ஒருவர் கையால் மறித்து எனக்காக ஒரு நிமிஷம் விட்டார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். என் தோளைப் பிடித்து எழுப்பியது மகளின் கை. தடிப்பு மறைந்து ஒரு மாதம் ஆன கை. வாஹே குரு, வாஹே குரு.

லங்கரில் அன்னதானச் சாப்பாடு முடித்துக் கிலா முபாரக் போனோம். ஆலா சிங் 1763-ல் எழுப்பிய கோட்டை. ஜ்வாலாமுகி கோவிலிலிருந்து அவர் கொண்டுவந்த ஜோதி அங்கே அவருடைய புர்ஜில், அதாவது கோபுரத்தில், இன்னும் அணையாமல் இருக்கிறது. அதன் முன் அந்த அம்மாவின் காலைத் தொட்டேன், பதறி என்னைக் கட்டிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் மகள் என் மடியில் சண்டிகர் வரை தூங்கினாள், ஒரு தடவைகூடச் சொறியவில்லை.