ஓடிக்கொண்டிருந்த பயர்வாலுக்குள் செத்துப்போயிருந்த டிஸ்க்

நெட் போனால்தான் எல்லாரும் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை நெட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப்பக்கம் ஒரு முந்திரி ஆலையின் அலுவலகத்துக்கு நான்தான் நெட்வொர்க் பார்க்கிறேன். இரண்டு இணைய இணைப்பு, கொல்லத்தில் இருக்கும் அவர்களுடைய இன்னொரு அலுவலகத்துக்கு ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே போகும் ஒரு தனிப் பாதை. எல்லாம் ஒரு சின்னப் பயர்வால் பெட்டி வழியாகத்தான் போகும். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதி வைத்துப் பார்க்கும் காவல் பெட்டி அது. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. உள்ளே ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் பிஎஃப்சென்ஸ் என்ற பயர்வால் மென்பொருள். ஐந்து வருடமாக அந்தப் பெட்டி இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

நவம்பர் கடைசி வாரம் தொழிலாளர்களுக்குப் புதிதாக விரல் ரேகை வருகைப்பதிவு மெஷின் வந்தது. அதற்கு ஒரு நிலையான ஐபி முகவரி கொடுக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. சேவ் கொடுத்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு பார்த்தால் பழைய பட்டியலே நிற்கிறது. மூன்று தடவை செய்தும் அதே கதை. சரி என்று கட்டளை அடிக்கும் டெர்மினலில் நுழைந்தால், திரை முழுக்க எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை என்று ஒரே எரர்.

இந்த மாதிரிப் பெட்டியில் டிஸ்க் என்பது போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சிப். இ-எம்எம்சி என்பார்கள். இதில் இருந்தது 8 ஜி.பி. அந்தச் சிப் செத்துக்கொண்டிருந்தது. ஆனால் விதிகள், விபிஎன் எல்லாம் பெட்டி ஆன் ஆகும்போதே ரேம் என்னும் தற்காலிக நினைவகத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் டிஸ்க் செத்தாலும் நெட் ஓடும். அடுத்த தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும் வரை யாருக்கும் தெரியாது.

கணக்குப் பார்க்கும் அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டா சரியாவும்லா?" என்றார். கை ஸ்விட்ச் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தில் அவர் பயந்தே விட்டார். ஒரு தாளில் 'தொடாதீங்க' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஸ்விட்ச் மேல் ஒட்டினேன். யுபிஎஸ் பேட்டரியையும் பார்த்துக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்ப்பக்கம் சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் போவது நிச்சயம்.

முதலில் செட்டிங்ஸ் கோப்பை வெளியே எடுத்தேன். எழுதத்தான் முடியவில்லை, படிக்க முடிந்தது. விதிகள், விபிஎன் சான்றிதழ்கள் உட்பட எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பு. காப்பி எடுத்ததோடு நிற்காமல் திறந்து கடைசி வரி வரை பார்த்தேன். முடிவைக் காட்டும் மூடும் டேக் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் அந்தக் கோப்பு எதற்கும் உதவாது. நல்லவேளை, இருந்தது.

முதலாளியிடம் சொன்னால், "நெட்டு கிடைக்குதுல்லா, பின்னே என்னத்துக்கு மாத்தணும்? இடி வாங்கியிருக்கும்" என்றார். எனக்கும் முதலில் இடி, கடல்காற்று என்றுதான் சந்தேகம் போனது. இரண்டும் இல்லை. இ-எம்எம்சி சிப் தன் தேய்மானத்தைத் தானே ஒரு எண்ணாகச் சொல்லும். 1 என்றால் பத்து சதவீதத்துக்குள், 2 என்றால் இருபதுக்குள், இப்படியே போகும். 11 வந்தால் ஆயுள் கணக்கே தாண்டிவிட்டது. அதைப் படிக்கும் சின்ன நிரலை இந்தப் பெட்டியில் நிறுவ வழியில்லை, டிஸ்கில்தான் எழுத முடியாதே. நாகர்கோவிலில் நான் பார்க்கும் இன்னொரு அலுவலகத்தில் இதே மாடல் இருக்கிறது. அங்கிருந்து நிரலைக் காப்பி எடுத்து, இங்கே ரேமில் ஒரு தற்காலிக டிஸ்க் உண்டாக்கி அதில் வைத்து ஓட்டினேன். 11. நாகர்கோவில் பெட்டிக்கு 4.

இரண்டும் ஒரே சமயம் வாங்கியவை. வித்தியாசம் என்னால் வந்தது. கருங்கல் பெட்டியில் ஊடுருவல் கண்டறியும் சுரிகாட்டா என்ற மென்பொருளைப் போட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் லாக் என்னும் பதிவாக எழுத விட்டிருந்தேன். ஒருநாள்கூட அந்த லாக்கைத் திறந்து படித்தது கிடையாது. ஃபிளாஷ் சிப்பில் ஒரு வரி எழுதினாலும் பின்னால் ஒரு பெரிய தொகுதியையே அழித்து எழுத வேண்டி வரும். ஒவ்வொரு தொகுதியும் இத்தனை தடவைதான் தாங்கும் என்று கணக்கு இருக்கிறது. 8 ஜி.பி.க்குள் இரவும் பகலும் எழுதினால் எந்தச் சிப்தான் நிற்கும்?

ஒட்டிய சிப்பைக் கழற்றி மாற்றுவது நம் வேலை இல்லை. ஆனால் போர்டில் எம்.2 என்னும் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. அதில் குச்சி மாதிரி இருக்கும் ஒரு எஸ்எஸ்டி டிஸ்கைச் செருகிப் புதிதாக நிறுவலாம். அலுவலகம் மூடியிருக்கும் நாள் வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 மாவட்டத்துக்கே லீவு. அன்றைக்கு என்று வைத்துக்கொண்டேன். முந்தின நாளே நாகர்கோவிலில் ஒரு எஸ்எஸ்டி வாங்கியாயிற்று.

காலையில் பெட்டியை நிறுத்தி, அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். குச்சியை ஸ்லாட்டில் வைத்தால் உட்காரவில்லை. திருப்பி வைத்தாலும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எஸ்எஸ்டி முனையில் ஒரு வெட்டு, ஸ்லாட்டில் அதற்குரிய தடுப்பு வேறு பக்கம். நான் வாங்கியது என்விஎம்இ என்ற வகை, ஒரே வெட்டு உள்ளது. ஸ்லாட்டோ சாட்டா என்ற வேறு வகை. போதாததற்கு நீளமும் 80 மி.மீ., ஸ்க்ரூ போட இடம் இருப்பது 42 மி.மீ.யில். கடைக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. திருவிழா லீவு அவர்களுக்கும்தானே.

கேரளாவில் லீவு இல்லை. மார்த்தாண்டம் போய் பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கினேன். இரண்டாவது கடையில் கிடைத்தது: சாட்டா, 42 மி.மீ., இரண்டு வெட்டு உள்ளது, 128 ஜி.பி. இந்தத் தடவை ஸ்லாட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரப் பையன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தான். திரும்பி வரும்போது மூன்று மணி, மழை வேறு.

இந்தப் பெட்டிக்கு மானிட்டர் கிடையாது, கன்சோல் கேபிள் வழியாக லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். கேபிளைச் செருகினால் லேப்டாப்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது வெறும் சார்ஜர் கேபிள், டேட்டா போகாது. வண்டியில் கிடந்த வேறொன்றைப் போட்டதும் எழுத்து வந்தது, ஆனால் அத்தனையும் கிறுக்கல். கேபிளில் எழுத்து வரும் வேகத்தை 115200 என்று மாற்றிய பிறகுதான் படிக்கிற மாதிரி ஆனது.

இன்ஸ்டால் பத்தே நிமிடம். பென்டிரைவிலேயே செட்டிங்ஸ் கோப்பையும் வைத்திருந்தேன், இன்ஸ்டாலர் அதை எடுத்துக்கொண்டது. எந்த டிஸ்க் என்று கேட்கும் இடத்தில் மட்டும் இரண்டு பெயர் காட்டும், அளவைப் பார்த்துப் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். ரீபூட்.

திரையில் மறுபடியும் எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை. டிஸ்கைச் சரிபார்க்கப் போய், தோற்று, அங்கேயே நின்றுவிட்டது. வயிற்றைக் கலக்கிவிட்டது. புது எஸ்எஸ்டியும் போச்சா? இரண்டு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது, பெட்டி பழைய சிப்பிலிருந்தே பூட் ஆகப் பார்க்கிறது. அக்கா அன்றைக்கு ஸ்விட்சைத் தட்டியிருந்தால் சனிக்கிழமை கூலி போடும் நேரத்தில் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்று முடிவு செய்யும் பயாஸில் நுழைந்து இ-எம்எம்சியை அணைத்து, எம்.2-வை முதலில் வைத்தேன். அடுத்த ரீபூட்டில் ஒழுங்காக எழுந்தது. கொல்லத்து விபிஎன் தானாகவே பச்சை காட்டியது. வருகைப்பதிவு மெஷினுக்கு முகவரி கொடுத்து சேவ் அடித்தேன், ஒரே நொடியில் ஏறியது.

சுரிகாட்டாவை எடுக்கவில்லை, எச்சரிக்கைகளை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மற்ற லாக் எல்லாம் மூலையில் சும்மா கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் போகிறது.

அப்புறம் நாகர்கோவில் அலுவலகத்தில் போய் 4 என்ற எண்ணைக் காட்டினேன். "ஓடுதுல்லா, ஓடட்டும்" என்றார்கள். அதுவும் சரிதான், அங்கே லாக் குறைவு. செட்டிங்ஸ் கோப்பை மட்டும் மாதம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்கிறேன். தம்பானூர்க் கடையில் அதே 42 மி.மீ. குச்சி இன்னொன்று வாங்கி என் பையில் கிடக்கிறது.