காற்சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பு

எங்கள் பள்ளியின் பழைய மண்டபத்துச் சுவரில் சாய்ந்து நின்றவன் யாரென்று வாத்தியார்மார் விசாரிக்கத் தேவையில்லை. நீலக் காற்சட்டையின் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். தட்டினால் பறக்கும், துடைத்தால் பரவும் அந்த வெள்ளை மாவுக்காக வாங்காத ஏச்சில்லை. இப்போது சாய்ந்தால் ஒன்றும் ஒட்டாது. சில வருடங்களுக்கு முன் நல்ல மனதோடு யாரோ எமல்சன் பெயின்ற் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய மாணவர் சங்கத்துக்கு வந்த புகைப்படங்களில் சுவரின் கீழ் மூன்றடியும் தோல் உரிந்து கிடக்கிறது. உரிந்ததைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசி, இடுப்பளவுக்கு ரைல்ஸ் ஒட்டலாம் என்று ஒரு யோசனை. சங்கத்தின் பணம் அதற்குப் போய்ச் சேரும் முன் இதை எழுதுகிறேன்.

நம் யாழ்ப்பாணத்தில் பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலம், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலம், வெள்ளைக்காரர் காலம் என்று கட்டடங்களைப் பிரித்துச் சொல்வோம். சுவருக்குள் போய்ப் பார்த்தால் சரக்கு பெரிதாக மாறவில்லை. முருகைக்கல் (பவளப்பாறைக் கல்), நிலத்தடிச் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து. ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, 1680 அளவில் ஐங்கோணமாகக் கட்டி, 1792இல் வெளி அரண்களையும் முடித்த யாழ்ப்பாணக் கோட்டையும் அதுதான். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் கூரை இல்லாமல் நின்ற பழைய தேவாலயத்தைத் திருத்தி எடுத்ததும் அதே சரக்கால்தான். அங்கே 1823இல் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளி தொடங்கியது. அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி. இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்ததும் அதே 1824இல்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அதற்குப் பிறகு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்தச் சுவர்களைக் கட்டிய மேசன்மார் சீமெந்தைக் கண்டதே இல்லை. கல் என்னவோ ஒன்றுதான்: 900 பாகை செல்சியஸில் சுட்டால் சுண்ணாம்பு, களிமண்ணோடு சேர்த்து 1,400 பாகைக்கு மேல் சுட்டால் சீமெந்து. குணம் இரண்டும் ஒத்துப்போகாது.

காரணம் தண்ணீர். பழைய சுவர்களின் அத்திவாரத்தில் ஓதம் (நிலத்திலிருந்து ஏறும் ஈரம்) தடுக்கும் படை கிடையாது. மாரியில் நிலம் ஊறியதும் ஈரம் கல்லுக்குள் ஏறும். கூடவே உப்பும் ஏறும். முருகைக்கல் கடலில் பிறந்ததால் அதற்குள்ளேயே உப்பு வேறு. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதனூடாக வெளியேறி, உப்பு மேற்பரப்பில் பூக்கும், வெள்ளையோடு சேர்ந்து உதிரும். நாங்கள் காற்சட்டையில் காவிக்கொண்டு போனது சுவரின் உப்பையும்தான். வருடாவருடம் புது வெள்ளை அடித்தால் கணக்குத் தீர்ந்தது.

அதன்மேல் சீமெந்தைப் பூசினால் கீழே வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும். முன்பு ஓரடியில் நின்ற ஓதக்கோடு மூன்றடி, நாலடிக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, உள்ளிருந்து நெம்பும். கடைசியில் பூச்சு தனியாக விழுவதில்லை, கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் விழுகிறது. எமல்சன் போன்ற பிளாஸ்ரிக் பெயின்றும் இதையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும். ரைல்ஸ் எல்லாவற்றிலும் மோசம்: அழுகுவதை மறைத்தும் வைக்கும்.

ஆகவே முதல் வேலை, கெட்ட பூச்சைக் கொத்துவது. அதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கிண்ணென்று கேட்டால் பிடித்திருக்கிறது, பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். பொத்தென்ற இடங்களைக் கரித்துண்டால் வளைத்துக் குறித்து, சிறு உளியும் இலகுவான சுத்தியலும் கொண்டு எடுக்கலாம். மின்சார உடைப்பான் பக்கத்திலேயே வரக்கூடாது. பூச்சோடு கல்லும் பெயர்ந்து வருமானால் அந்தத் துண்டை விட்டுவிட்டு நகருங்கள். பிறகு மாசியிலிருந்து ஆவணி வரை சுவரை வெறுமேலோடு காயவிட வேண்டும். அவலட்சணமாகத்தான் இருக்கும், பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பூக்கிற உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, வாரி, வளவுக்கு வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

சுவர் காய்கிற ஆறு மாதத்தில் சுண்ணாம்பைத் தயார் செய்யலாம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ நீறாத சுண்ணாம்பு வரும். அதைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்துக்கு எறியும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்ட விடாதீர்கள். நீறியதை அரித்து, வெண்ணெய் போலான களியை மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். கூட வைத்தால் இன்னும் நல்லது. கடையில் பையில் விற்கும் சுண்ணாம்புத் தூள் காற்றுப்பட்டுப் பாதி செத்திருக்கக்கூடும். வேறு வழியில்லையென்றால் புதிய பையாகப் பார்த்து வாங்கி ஊற வையுங்கள்.

கலவை அளவு ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் என்றால் உப்பை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறோம் என்று அர்த்தம். தண்ணீரும் நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து வரவேண்டும், உவர்க் கிணறு ஆகாது. ஓதம் கூடிய கீழ்ப்பகுதிக்கு, அதிகம் வேகாத செங்கல்லை மாவாக இடித்து அரைப் பங்கு சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். பனங்கட்டித் தண்ணீர், கடுக்காய் ஊறல், முட்டை வெள்ளைக்கரு என்று ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். முதல் இரண்டும் பழைய வழக்கம்தான், குறையொன்றுமில்லை. ஆனால் கைமருந்தைத் தேடி ஓடுகிறவர்கள் பூச்சின் மேல் தொங்கவிட வேண்டிய ஈரச்சாக்கை மறந்துவிடுகிறார்கள், பூச்சு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

பூசுமுன் சுவரை நனைக்க வேண்டும். ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு படைக்கும் ஒரு வாரமாவது ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று நாலு தடவை தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் குடித்துத் திரும்பக் கல்லாகிறது. ஈரம் இல்லாவிட்டால் அது நடக்காது. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற பக்கத்தில் சாக்கை இரட்டிப்பாகப் போடுங்கள். வலை போல் வெடித்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது அல்லது அவசரமாகக் காய்ந்துவிட்டது. விரலால் தேய்க்க மாவாகக் கொட்டினால் இறுகுமுன் ஈரம் போய்விட்டது; சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுவதுதான் வழி. கடைசியில் பால்போலக் கரைத்த வெள்ளை, மெல்லியதாக ஐந்து தடவை. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் செதில் செதிலாகக் கழலும்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக. பனங் கைமரம் வைரமாக இருக்கும்வரை கறையானுக்குப் பயமில்லை. கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. அங்கே குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி மெத்தென்று இறங்கினால் அந்த நுனியை மட்டும் வெட்டி, புதுத் துண்டு பொருத்திப் போல்ற் போடலாம். முழுக் கூரையையும் இறக்கி அஸ்பெஸ்ரஸ் ஏற்றுவது மண்டபத்தை அடுப்பாக்கும் வேலை. கழற்றும் பீலி ஓடுகளில் உடையாததைத் தெருப்பக்கம் திரும்பப் போட்டு, புது ஓட்டைப் பின்பக்கம் விடுங்கள், நிறம் உறுத்தாது.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இருப்பவர்களுக்கு ஒரு சொல். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கோடு கிழித்திருப்பது 1815 மார்ச் 2இல், கண்டி ஒப்பந்த நாளில். அதற்குப் பிந்திய கட்டடத்தைத் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. நம் மிஷன் பள்ளிகள் 1816க்குப் பிறகு எழுந்தவை. எனவே தொல்லியல் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும் சங்கத்தின் வேலைதான். ஒரு தாளில் வரைபடமும், ஒவ்வொரு பக்கத்துக்கும் தெளிவான படமும் சேர்த்து அனுப்புங்கள்.

இந்த ஐப்பசி மழைக்கு முன் செய்யக்கூடியது இரண்டுதான். சுவரோரம் பின்னாளில் போட்ட சீமெந்துத் தளத்தை ஒன்றரையடி அகலத்துக்கு உடைத்துச் சரளைக்கல் நிரப்புங்கள். கூரைத் தண்ணீர் அந்தத் தளத்தில் தெறித்துத்தான் சுவர் இவ்வளவு நனைகிறது. மற்றது வடமேற்கு மூலையில் முளைத்திருக்கும் ஆலங்கன்று. அதைப் பிடுங்கினால் கல்லும் கூடவே வரும். அடியோடு அரிந்து, பால் வடிந்து மூடுமுன் வெட்டுமுகத்தில் களைகொல்லியைத் தூரிகையால் பூச வேண்டும். மாரி முடிந்து தளிர் வரவில்லை என்று பார்த்த பிறகே அந்த இடுக்கைச் சாந்தால் அடைக்கலாம்.