எட்டாவது கேள்வி

ஜூன் 3
காலுக்கு இறங்கும் வலிக்கு முதுகில் ஆபரேஷன், தேதி கொடுத்துவிட்டார்கள். 12, வெள்ளிக்கிழமை. எல்4-எல்5, இடுப்புப் பக்க முதுகெலும்பில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்.

ஜூன் 5
பிசியோ பெண் தாளோடு வந்தாள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. வலி கூடக்கூட எண்ணும் கூடும். கனம் தூக்குவதில், தரையிலிருந்து முடியாது, மேசைமேல் வசதியாக இருந்தால் முடியும் என்று ஒரு பதில். எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடம் எந்த மேசைமேல் இருக்கிறது? உட்காருவதற்கும் நாற்காலிதான் கணக்கு. சம்மணம் போட முடிகிறதா, கழிப்பறையில் குந்த முடிகிறதா, கேட்கவே இல்லை. எனக்கு உயிர் போவதே அங்கேதான். இந்தத் தாள் 1980இல் இங்கிலாந்தில் வந்ததாம், ஆஸ்வெஸ்ட்ரி என்று ஓர் ஊர்ப் பெயர். பெரியவன் போனில் பார்த்துச் சொன்னான். சரி, அவர்கள் எதற்குக் குந்தப் போகிறார்கள்.

எட்டாவது, தாம்பத்தியம். "அதை விட்டுடலாம் ஆன்ட்டி" என்று அவளே கோடு போட்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பது தாண்டினால் கேட்கக் கூடாதா? ஒரு கேள்வி போனதால் 50க்குப் பதில் 45க்குக் கணக்கு. எனக்கு 28. அதாவது 62 சதவீதம்.

ஜூன் 6
60 வரை ஒரு படி, அதற்கு மேல் அடுத்த படி. 27 என்றால் சரியாக 60. தூக்கத்துக்கு ஒன்று குறைத்துச் சொல்லியிருந்தால் நான் கீழ்ப்படியில் இருந்திருப்பேன். ராத்திரி முழுக்க இதே கணக்கு.

ஜூன் 8
இடது கட்டை விரல் தானாக மேலே வருகிறது. டாக்டர் ஒற்றை விரலால் அழுத்தியதும் படுத்துவிடுகிறது. விரலின் பலம் "5க்கு 3" என்று எழுதினார். செருப்பு வழியிலேயே கழன்றுவிடுகிறது.

ஜூன் 13
கால் வலி இல்லை. இல்லவே இல்லை! தையல்தான் இழுக்கிறது.

ஜூன் 20
விரல் அப்படியே.

ஜூலை 24
ஆறு வாரம். அதே தாள், வேறு பெண். எட்டாவதற்கு இவளும் கோடு போட வந்தாள். பேனாவை வாங்கி நானே டிக் அடித்தேன். நல்லவேளை, இவர் பில் கட்டப் போயிருந்தார். இந்த முறை 50க்கு 12, 24 சதவீதம். டாக்டருக்கு வாயெல்லாம் பல். பத்துப் புள்ளி குறைந்தாலே தேறியதாக எடுத்துக்கொள்வார்களாம், எனக்கு 38. விரலைக் காட்டினேன். "வலி முதல்ல போகும், பலம் மெதுவாத்தாம்மா வரும்" என்றார். வராமலும் போகுமா என்று கேட்டேன். சிலருக்கு, என்றார். தாளில் விரலுக்கு இடமே இல்லை.

ஜூலை 27
பின்வார் வைத்த செருப்பு கேட்டால் கடைக்காரன் ஆம்பளை செருப்பை எடுத்துப் போடுகிறான்.

ஜூலை 30
3ஆ 4ஆ என்று இவரை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். பயந்து பயந்து தொடுகிறார். இதில் என்ன கணக்கு வரும்? நாளைக்குப் பெரியவனைக் கேட்க வேண்டும்.