பெர்க்லி வளாகத்தில் தரையைப் பார்த்து நடங்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தே நடக்கிறார்கள். 307 அடி உயர மணிக்கூண்டு அப்படி இழுக்கிறது. ஆனால் 1868-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் நல்ல அடையாளங்கள் பல சின்னவை, காலடியில் கிடப்பவை.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரிச்மண்ட் போகும் பார்ட் ரயிலில் 'டவுன்டவுன் பெர்க்லி' நிலையத்தில் இறங்குங்கள். அடுத்து வரும் 'நார்த் பெர்க்லி'யில் இறங்கிவிட்டால் வீணாகத் திரும்பி நடக்க வேண்டும். சென்டர் தெரு வழியே கிழக்கே நடந்தால் சில நிமிடங்களில் வளாகம். அங்கிருந்து மலைவரை ஏற்றம்தான். ஜூலையிலும் மூடுபனி வரும் ஊர் என்பதால் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

நுழைந்ததும் வானளாவிய தைலமரத் தோப்பு. நீலகிரியில் வளரும் அதே இனம். பழைய ஓட்டப்பாதைக்குக் காற்று அடிக்காமலிருக்க 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை. ஸ்ட்ராபெரி ஓடையின் இரு கிளைகளும் இங்கேதான் சேர்கின்றன. ஓடையின் தென்கிளையை ஒட்டியே ஏறினால் சேதர் வாயில் வந்துவிடும்.

இங்கே நேரம் பார்த்து வாருங்கள். 10 மணி வகுப்பு 10:10-க்குத்தான் தொடங்கும். 'பெர்க்லி நேரம்' என்பார்கள். அந்தப் பத்து நிமிடமும் வாயிலில் கூட்டம் நெரியும். 10:15-க்கு வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

வாயிலுக்குத் தெற்கே ஸ்ப்ரௌல் சதுக்கம். 1964 அக்டோபர் 1-ல் கைதான ஒருவரை ஏற்றிய போலீஸ் காரை மாணவர்கள் 32 மணி நேரம் நகரவிடவில்லை. கார் மேல் ஏறிப் பேசியவர்கள் கூரை கெடாதிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். வளாகத்தில் அரசியல் பிரச்சாரத்துக்குப் பல்கலைக்கழகம் விதித்த தடையை எதிர்த்த பேச்சுரிமைப் போராட்டம் அங்கே சூடுபிடித்தது. அதன் நினைவுச்சின்னம் சிலை இல்லை. தரையில் ஒரு கருங்கல் வட்டம், நடுவே ஆறு அங்குல அகலத்தில் வெறும் மண். இந்த மண்ணும் இதன் மேலுள்ள காற்றுவெளியும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று சுற்றிலும் பொறித்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் தன்னை எதிர்த்தவர்களுக்கு இதைவிட அழகாக நினைவுச்சின்னம் வைக்க முடியுமா என்று தெரியவில்லை. பலர் அதை மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

அருகிலுள்ள ட்வினெல் மண்டபத்தில் வழி தவறாதவர் குறைவு. சரிவில் கட்டியதால் ஒரு வாசலில் நுழைந்தால் ஒரு தளம், மறு வாசலில் வேறு தளம். எந்த வாசலில் நுழைந்தீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். தமிழர்கள் இந்த வளாகத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: தமிழ் செம்மொழி என்று 2000-ல் கடிதம் எழுதி வாதிட்ட பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் பாடம் நடத்தியது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். சென்னையில் பிறந்து மார்பகப் புற்றுநோய் ஆய்வாளரான சியாமளா கோபாலன் 1964-ல் டாக்டர் பட்டம் பெற்றதும் இங்கேதான். கமலா ஹாரிஸின் தாய்.

மணிக்கூண்டில் 61 மணிகள். லிஃப்ட் உச்சிவரை போகாது, கடைசியில் படி ஏற வேண்டும். பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள். செமஸ்டர் தேர்வு நாட்களில் மணியிசை கிடையாது. வழியில் 'என்.எல்.' என்று எழுதிய கார் நிறுத்துமிடங்கள் தென்பட்டால், அவை நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கு ஒதுக்கியவை.

அடுத்து கில்மன் மண்டபம். 1941 பிப்ரவரியில் புளுட்டோனியம் அடையாளம் காணப்பட்டது மூன்றாம் மாடியின் 307-ஆம் எண் அறையில். அந்தக் குழுவின் க்ளென் சீபோர்க் 1937-ல் இங்கேயே டாக்டர் பட்டம் பெற்றவர். இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை எழுதியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், ஆப்பிளின் ஸ்டீவ் வாஸ்னியாக், இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூ ஆகியோரும் இங்கே பட்டம் பெற்றவர்கள்தான்.

கால் ஒத்துழைத்தால் கிழக்கே ஏறி 1923-ல் கட்டிய மைதானம்வரை போங்கள். ஹேவர்ட் நிலப்பிளவு அதன் அடியிலேயே ஓடுகிறது. நிலம் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் பழைய சுவர்கள் விரிசல் விட்டன. 2012-ல் முடிந்த சீரமைப்பில் பிளவின் மேலிருக்கும் பகுதிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து, தனித்தனியே அசையும்படி கட்டினார்கள்.