ப்விண்டி காட்டில் கொரில்லா பார்க்க: பர்மிட் எடுத்த அனுபவம்

நானும் அக்காவும் மலைக் கொரில்லாவைப் பார்க்கப் போவது என்று முடிவானதும், முதலில் தேடியது பர்மிட்டைத்தான். விமான டிக்கெட் மலிவாக வருகிறதே என்று முந்திக்கொண்டு எடுப்பது இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது. மனிதர்களுக்குப் பழகிய ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் 8 பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பர்மிட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். எந்தத் தேதிக்குப் பர்மிட் கிடைக்கிறதோ, அதைச் சுற்றித்தான் விமானம், விடுதி, ஆபீஸ் லீவு எல்லாம்.

மலைக் கொரில்லாக்கள் இருப்பது ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளில்தான். எந்த நாடு என்பதில் எங்களுக்குப் பெரிய குழப்பம் வரவில்லை. ருவாண்டாவில் பர்மிட் 2017 முதல் 1500 டாலர். தலைநகர் கிகாலியிலிருந்து, கொரில்லாக்கள் இருக்கும் எரிமலைப் பூங்காவுக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம், அந்தச் சௌகரியம் உண்மைதான். உகாண்டாவில் 800 டாலர், ஏறக்குறைய 70,000 ரூபாய். இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் விமானச் செலவையே தாண்டுகிறது. காங்கோ பக்கம் மலிவுதான், ஆனால் அங்கே சண்டை நடக்கும்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆகவே உகாண்டாவின் ப்விண்டி.

ப்விண்டி என்று மட்டும் சொல்லி பர்மிட் கேட்டால் போதாது. அந்தக் காட்டுக்கு நான்கு வாசல்கள்: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகாவும் ந்குரிங்கோவும். பர்மிட் ஒரு குறிப்பிட்ட வாசலுக்குத்தான். வரைபடத்தில் இவை பக்கத்துப் பக்கத்தில் தெரியும். சாலையிலோ புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்கு மலையைச் சுற்றிக்கொண்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்குள் வாசலில் பெயர் பதிய வேண்டும். விடுதி ஒரு பக்கமும் பர்மிட் இன்னொரு பக்கமுமாக அமைந்தால் நடு ராத்திரியில் புறப்பட வேண்டியதுதான். விளம்பரங்களில் "ப்விண்டி விடுதி" என்று மட்டும் போட்டிருப்பார்கள், எந்த வாசல் என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் பேசிய ஏஜென்ட் ஒருவர் விடுதிப் பெயரை அனுப்பிவிட்டு, வாசல் பெயரைக் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினார். அவரை விட்டுவிட்டோம்.

ருஷாகாவைத் தேர்ந்தெடுத்தோம். பழகிய குடும்பங்கள் அங்கேதான் அதிகம், அதனால் பர்மிட் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். அக்காவுக்கு மூட்டுவலி வேறு. குடும்பங்கள் பல இருந்தால் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

பர்மிட்டைக் கொடுப்பது உகாண்டா வனவிலங்கு ஆணையம், தலைமையகம் கம்பாலாவில். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்குள்ள டூர் நிறுவனம் மூலம்தான் எடுக்கிறார்கள், நாங்களும் அப்படித்தான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினோம். பர்மிட்டில் ஏறும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். நம் ஊர் இனிஷியல் வழக்கத்தால் இங்கே சிக்கல் வரலாம், ஆகவே எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். பணம் வங்கி வழியாக டாலரில் போயிற்று. வங்கியில் பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் கேட்டார்கள். முழுத் தொகையையும் கட்டுவதற்கு முன் பர்மிட்டின் நகலைக் கேட்டு வாங்கினோம். தேதி, வாசல், பெயர் மூன்றையும் அக்கா வாய்விட்டுப் படித்துப் பார்த்தபிறகுதான் விமானம் பதிவு செய்தோம்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்குள் நுழைய அந்தச் சான்றிதழ் கட்டாயம். இதைத் தனியார் கிளினிக்கில் எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது, அரசு அனுமதித்த மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். முட்டை ஒவ்வாமை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆனால் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். விசா எளிது: இணையத்தில் 50 டாலர். ருவாண்டாவையும் கென்யாவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் 100 டாலருக்குக் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா எடுக்கலாம், ஆனால் முதலில் இறங்கும் நாட்டில்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ருஷாகாவில் காலையில் விதிகளைச் சொன்னார்கள். 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சளி, இருமல் இருந்தால் போகக் கூடாது, முகக்கவசம் கட்டாயம். நம்முடைய சாதாரணச் சளிகூட கொரில்லாவுக்கு உயிராபத்தாகலாம். 2018-ல் வெளியான கணக்கின்படி உலகத்தில் இருந்த மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான், அத்தனையும் இந்தக் காட்டிலும், மூன்று நாட்டு எல்லையில் இருக்கும் விருங்கா மலைகளிலும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழு பிரிக்கும் முன்பே ரேஞ்சரிடம் அக்காவின் முழங்காலைப் பற்றிச் சொன்னோம். "கவலைப்படாதீர்கள் அம்மா, பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அனுப்பப் பார்க்கிறேன்" என்றார். அதிகாலையிலேயே காட்டுக்குள் போயிருக்கும் ஆட்கள், முந்தின இரவு கொரில்லாக்கள் படுத்த கூடுகளைக் கண்டுபிடித்து, தடம் பார்த்துப் போய் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்கிறார்கள்.

ஆளுக்கொரு போர்ட்டர் வைத்துக்கொண்டோம், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பை தூக்க மட்டுமல்ல, வழுக்கும் சரிவில் கை கொடுத்து ஏற்றுவதும் அவர்கள்தான். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் நேராக ஊருக்குள் போகிறது. 1991-ல் இது தேசியப் பூங்காவானபோது காட்டில் காலம்காலமாக வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இந்தக் காடு காப்பாற்றப்பட்டதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். இங்கே போகிற யாரும் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன். கையுறையும் முழுக்கைச் சட்டையும் தேவை, செந்தட்டி மாதிரி அரிக்கும் செடிகள் வழியெல்லாம் உண்டு.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. முதுகு வெளுத்த பெரிய ஆண் கொரில்லா ஒன்று செடியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. குட்டி ஒன்று கொடியில் தொங்கி அதன் மேல் விழுந்தபோது அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொடுத்த பணத்தைப் பற்றி அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சென்னை விமான நிலையத்தில் சுகாதாரக் கவுன்ட்டரில் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் உகாண்டாவிலிருந்து வருபவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது.