பூத்தது ஒன்று, உரித்தது நாற்பது

பூ வந்துவிட்டது. விதைத்து நான்காவது கோடையில், 11 செடிகளில் ஒன்றில் மட்டும். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஜனவரி கோடை மழைக்கு நடுவே இடுப்பளவு தண்டு, அதில் ஆறு பூக்கள். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், தொண்டையில் மஞ்சள், மேலிதழ் முக்காடு போலக் கவிந்திருக்கிறது. கிளி நிறத்துக் கிளாடியோலஸ் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்றாம் நாள் தேன்சிட்டு ஒன்று வந்து தண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பூவாக மூக்கை விட்டுப் பார்த்தது. கேமரா எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது அது இல்லை.

இந்தக் கிளாடியோலஸ் டேலனியை (கிழங்கு வைக்கும் காட்டுப் பூச்செடி, கிளி நிறத்துக்காரியின் அறிவியல் பெயர்) விதையிலிருந்து வளர்ப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. செப்டம்பரில் தூவினேன், மூன்று வாரத்தில் புல் மாதிரி வந்தது. மே மாதம் தண்ணீரை நிறுத்தித் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தேன். இங்கே குளிர்காலத்தில் மழை இல்லை என்பதால் அதுவும் சுலபம். என்னைப் படுத்தியவை குட்டிக்கிழங்குகள்தாம்.

இரண்டாம் குளிர்காலத்தில் தொட்டியைக் கவிழ்த்தேன். பழைய கிழங்கு வற்றித் தட்டையாக அடியில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதுக்கிழங்கு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கடுகளவிலிருந்து பட்டாணியளவு வரை குட்டிகள். சில தொட்டிகளை மட்டும் கவிழ்த்ததிலேயே நூறு தேறியது. 'ஓசியில் நூறு செடி' என்று துள்ளிக் குதித்து 60 குட்டிகளை அப்படியே மண்ணில் போட்டேன். முளைத்தவை நான்கு. மற்றவற்றை இலையுதிர் காலத்தில் தோண்டிப் பார்த்தால், போட்டபடியே கூழாங்கல் போலக் கிடந்தன.

குற்றவாளி குட்டியைப் போர்த்தியிருக்கும் ஓடு. மெல்லியதுதான், ஆனால் தண்ணீரை லேசில் உள்ளே விடாது. போன அக்டோபரில், தெருவெல்லாம் ஜக்கரண்டா மரத்துப் பூக்கள் உதிர்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீதமிருந்த 40 குட்டிகளை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து உரிக்க உட்கார்ந்தேன். நகவெட்டி கிழங்கையும் சேர்த்து நசுக்கியது. இடுக்கியில் பிடித்தால் வழுக்கிச் சோபாவுக்கு அடியில் போனது. கடைசியில் கைகொடுத்தது கட்டைவிரல் நகம்தான். கூர்முனைப் பக்கம் தொடவே கூடாது, முளை அங்கேதான் இருக்கிறது. தட்டையான அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் ஓடு இரண்டாகப் பிளந்து, உள்ளே பால்வெள்ளையாய் ஒரு மணி வரும். உரித்ததைக் காயவிடாமல் அன்றே ஈர மணலுக்குள் போட்டுவிட வேண்டும். "பூண்டு உரிக்கச் சொன்னால் மட்டும் உங்களுக்கு நேரம் இருப்பதில்லை" என்றாள் மனைவி. ஐந்து நகம் பட்டுச் சிதைந்தன. 35 மணலுக்குப் போயின, 29 முளைத்தன. இதற்கு முன் எந்தப் பரீட்சையிலும் இப்படி ஒரு மதிப்பெண் வாங்கியதில்லை.

விதையாகவே ஏன் தொடங்கினாய் என்று கேட்பவர்களுக்கு: தொடங்கவில்லை. முதலில் காட்டுவகை என்று ஒருவர் விற்ற கிழங்குகளைத்தான் வாங்கினேன். பூத்தவை பூங்கொத்துக் கடையில் விற்கும் குண்டு ரோஸ் நிறக் கிளாடியோலஸ்கள். ஒரு வகையில் அவர் முழுப்பொய் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லூயி வான் ஹூட் 1841இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கலப்பினத்துக்கு ஒரு பெற்றோர் இந்த டேலனிதான். இன்றைய கடைப்பூக்களின் வம்சாவளி அங்கிருந்து வருகிறது. ஆனால் பேத்தியைக் காட்டிப் பாட்டி என்று விற்றால் எப்படி?

அடுத்து ஆசைப்படுவது விக்டோரியா அருவிச் சாரலில் வளரும் மஞ்சள் வகை. முன்பு அதைப் பிரிமுலினஸ் என்று தனி இனமாக வைத்திருந்தார்கள், இப்போது டேலனிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள், பூத்த ஒன்றையும் பூக்காத பத்தையும் தொட்டியிலிருந்து தரையில் இறக்கலாமா என்று ஒரு யோசனை. காட்டில் இந்தக் கிழங்குகளை முள்ளம்பன்றி தோண்டித் தின்னும், மண்ணுக்கடியில் வளை தோண்டும் மோல் எலியும் தின்னும். பிரிட்டோரியாவின் நடுவில் முள்ளம்பன்றிக்கு நான் பயப்படவில்லை.

ஆனால் இன்று காலை புல்வெளியில் புதிதாக ஒரு மண்மேடு. தொட்டிகளையெல்லாம் மதில்மேல் ஏற்றிவிட்டேன்.