முகமூடிக்குள் 35 நாள்

சவரம் செய்யும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வலது தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. சளி பிடித்து நெறி கட்டியிருக்கும் என்று மூன்று வாரம் கண்டுகொள்ளாமல் விட்டேன். வலித்திருந்தால் அடுத்த நாளே ஓடியிருப்பேன். வலிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். ஆன்டிபயாடிக் ஒரு சுற்று முடிந்தும் அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஊசி குத்தி செல் எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் கழுத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள், மூக்கு வழியாகக் கேமராவும் விட்டார்கள். கண்ணுக்கு எதுவும் சிக்காததால், நோய் இருக்கும் இடத்தை ஒளிரச் செய்து காட்டும் பெட் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ரத்தச் சர்க்கரை பார்த்துவிட்டு, ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றினார்கள். புற்றுநோய் செல் சர்க்கரையை மற்ற செல்களைவிட வேகமாக இழுத்துக்கொள்வதால், அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியுமாம். அப்புறம் ஒரு மணி நேரம் தனியறையில் படுக்கை. மனைவி எட்டிப் பார்த்து ஏதோ கேட்க, நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் சட்டென்று உதட்டில் விரல் வைத்தார். பேசினால் குரல்வளைத் தசைகளும், எதையாவது மென்றால் தாடைத் தசைகளும் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கழுத்தில் நோயைத் தேடும்போது நோயில்லாத தசையும் ஒளிர்ந்தால் குழப்பம்தான். சரி என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

படத்தில் வலது டான்சிலின் மடிப்புக்குள் ஒரு புள்ளி ஒளிர்ந்தது, கழுத்தில் இரண்டு. டான்சிலில் சதை எடுத்துச் சோதித்ததில் பி16 பாசிட்டிவ். அதாவது எச்பிவி என்கிற பாப்பிலோமா வைரஸோடு சம்பந்தப்பட்டது. புகை பிடிக்காத எனக்கு எப்படி என்ற கேள்விக்கு அதுதான் பதில். இந்த வகை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல 2018 முதல் இதற்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறார்கள். "அப்படியென்றால் மருந்தைக் குறைக்கலாமே டாக்டர்?" என்று கேட்டேன். வழக்கமான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக செடுக்சிமாப் என்ற வேறொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் பலன் குறைந்துதான் போனது என்றார். "உங்களை வைத்துச் சிக்கனம் பண்ண வேண்டாம் சார்." அந்த வார்த்தை பிடித்திருந்தது.

அறுவை இல்லை. 35 தடவை கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாள், மொத்தம் 70 கிரே (கதிரை அளக்கும் அலகு). கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின். ஆரம்பிப்பதற்கு முன் சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு, புண் ஆற இரண்டு வாரம் காத்திருந்தோம். புற்றுநோய்க்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக இருந்தது. கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பின்னாளில் பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் செத்துப்போகலாம் என்று பிறகுதான் புரிந்தது.

முகமூடி செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வெந்நீரில் ஊறிய ஒரு பிளாஸ்டிக் வலையை, ஈரத் துணியை விரிப்பதுபோல முகத்தின் மேல் இழுத்து, தோள்வரை பொருத்தினார்கள். முதலில் இதமான சூடு. பத்து நிமிடத்தில் அது இறுகி, மூக்கும் தாடையும் என் அச்சாகவே நின்றது. ஓரங்களைப் படுக்கையில் டக் டக்கென்று பூட்டும் சத்தம்தான் எனக்குப் பயம். ஏழு வாரமும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டேதான் உள்ளே போனேன். தினமும் முதலில் ஒரு சிடி படம், மேசை ஓரிரு மில்லிமீட்டர் முனகிக்கொண்டு நகரும், அப்புறம்தான் கதிர். வயதானவர்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள், ஆனால் உள்ளே இருக்கும்போது ஒரு பொட்டு வலியும் கிடையாது.

கதிர் எங்கே, எவ்வளவு பாயும் என்ற திட்டத்தைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்டேன். எல்லோரும் கேட்க வேண்டும் என்பேன். கட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு, காதோரத்தில் இரண்டு பக்கமும் பச்சைக் கோடு. பச்சை, பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பி. கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி வளைக்கும் ஐஎம்ஆர்டி முறையில் இடதுபக்கச் சுரப்பியைக் காப்பாற்றிவிடலாம், வலதுபக்கம் கஷ்டம் என்றார்கள். 2011-ல் வந்த பார்ஸ்போர்ட் ஆய்வில், பழைய முறையில் ஒரு வருடம் கழித்து 74 சதவீதம் பேருக்கு மிதமாகவோ அதைவிடக் கடுமையாகவோ இருந்த வாய் வறட்சி, இந்த முறையில் 38 சதவீதமாகக் குறைந்திருந்தது.

முதல் இரண்டு வாரம் வேலைக்குக்கூடப் போனேன். மூன்றாவது வாரம் ருசி போனது. நான்காவதில் வாயெல்லாம் புண், எச்சில் பசை மாதிரி நூல் இழுத்தது. காதில் ரீங்காரம் வேறு. அது சிஸ்பிளாட்டின் வேலை. 72 கிலோவிலிருந்து 63. முகமூடி லொடலொடவென்று ஆகி, புதிதாக ஒன்று செய்து திட்டத்தையும் மாற்றிப் போட்டார்கள். ஆறாவது வாரம் மூக்கில் குழாய். இனி விழுங்கவே வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். விழுங்கு பயிற்சி கொடுக்கும் அம்மா விடவில்லை. நுனி நாக்கை முன்பற்களுக்கு நடுவே லேசாகக் கடித்துக்கொண்டு எச்சிலை விழுங்க வேண்டும். செய்து பாருங்கள், நல்ல தொண்டைக்கே சிரமம். "குழாய் இருந்தாலும் தொண்டைக்கு லீவு கிடையாது" என்பார். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

சிகிச்சை முடிந்தால் நிம்மதி என்று நினைத்ததுதான் என் பெரிய தப்புக் கணக்கு. முடிந்த அடுத்த இரண்டு வாரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். அதை ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை.

கடைசிப் பெட் சிடிக்கு 12 வாரம் காத்திருக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் வெந்துபோன திசுவும் ஒளிர்ந்து ஏமாற்றும். ஒரு காலத்தில் கழுத்தில் என் மாதிரி பரவியிருந்தவர்களுக்கு, கதிர் முடிந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தை அறுத்து நெறிக்கட்டிகளை எடுப்பார்களாம். 564 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், பெட் சிடியில் சந்தேகம் இருந்தால் மட்டும் அறுத்தாலும் உயிர் பிழைப்பதில் குறைவில்லை என்று தெரிந்தது. படத்தில் என் கழுத்து இருட்டாகவே இருந்தது. அறுக்கவில்லை.

இப்போது ஒன்றரை வருடம். கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போவதில்லை. முதலில் உப்பு தெரிந்தது, இனிப்பு மெதுவாக வந்தது. எதைச் சாப்பிட்டாலும் இடதுபக்கத்துக்கே தள்ளி மெல்கிறேன், அங்கேதான் எச்சில் ஊறுகிறது.